கழுத்துக்குப் பின்னால் ரெண்டு விரல்

பன்னிரண்டு மணி ஆகப் பத்து நிமிஷம் இருக்கையில ஆறு பிள்ளைகளையும் பனிக்குள்ள படுக்கப் போட்டாச்சு. இதைக் கோவில்பட்டியில போய்ச் சொன்னா எவளாவது நம்புவாளா? பச்சைப் பிள்ளைகளைப் பனியில போட்டுட்டு நீ கதவுக்கு இந்தப் பக்கம் காபி குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியாக்கும்னு கேட்டு, கேட்டதோட விடாம மண்ணை வாரித் தூத்துவாக. செண்பகவல்லிக்கே இன்னும் முழுசா நம்பிக்கை வரலை. ஆறு தள்ளுவண்டி. தகரக் கூரைக்கு அடியில நாலு, இடம் பத்தாம பிர்ச் மரத்துக்குக் கீழ வேலியோரமா ரெண்டு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் கம்பளிச் சட்டை, கம்பளித் தொப்பி, ஆட்டுத்தோல் பை, அந்தப் பைக்குள்ள ஒண்ணேகால் வயசு, ஒண்ணரை வயசுன்னு ஒரு சீவன். கதவோரம் தொங்குற வெப்பமானி மைனஸ் ஏழுங்குது. மைனஸ் பத்துக்குக் கீழ போனாத்தான் உள்ள கொண்டு வரணுமாம். ஏழுன்னா பிள்ளைகளுக்குச் சொகமாத் தூக்கம் வர்ற குளிராம். சொகமான குளிர்! ஆத்தாடி, ஊர்ல மார்கழிக் காலையில லேசா ஊதக்காத்து அடிச்சாலே பிள்ளை காதுல பஞ்சை அடைச்சு, தலையில மப்ளரைச் சுத்தி, வாசப்படி தாண்ட விடமாட்டோம். இங்க என்னடான்னா வத்தல் காயப்போட்ட மாதிரி வரிசையாப் போட்டுட்டு, தூங்குதுகன்னு சாவகாசமாச் சொல்லுறாக. தூங்கவும் செய்யுது, அதுதான் ஆச்சரியம். ஆறும் வண்டியை நாலு ஆட்டு ஆட்டுறதுக்குள்ள கண்ணை மூடிருச்சு.

பார்னஹாகென்னு இந்த ஊரு பால்வாடிக்குப் பேரு. பிள்ளைகள் தோட்டம்னு அர்த்தம். பேரைக் கேட்டுத்தான் செண்பகம் முதல்ல ஏமாந்தா. தோட்டம்னா பூச்செடியும் ஊஞ்சலும் இருக்கும்னு நெனச்சா. இப்ப நாலு மாசமா வாரத்துல மூணு நாள் உதவியாளா வேலை. கோவில்பட்டியில எட்டு வருஷம் பால்வாடியில இருந்தவதான், இருபத்தஞ்சு பிள்ளைகளைப் பாயை விரிச்சு வரிசையாப் படுக்கப் போட்டு, சன்னலைச் சாத்தி, ஃபேனை ஒண்ணுல வச்சு, ஒரு அதட்டுல தூங்க வச்சவ. அங்க டீச்சர். இங்க சென்பா. ரெண்டு வயசுப் பயல் கூட சென்பா, இங்க வான்னு பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறான், முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு, இப்ப அவன் கூப்பிடலைன்னாத்தான் என்னவோ போல இருக்கு. ஊரு நார்வேயோட வடகோடியில, கடலுக்கும் மலைக்கும் நடுவுல ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. சனவரியில சூரியன் மலைக்குப் பின்னாலேயே நடந்து போயிரும், எட்டிக்கூடப் பாக்காது. உச்சி மத்தியானத்துல நீலமா ஒரு வெளிச்சம் வந்து பனி மேல படுத்துக்கெடக்கும். அதை முதல்தடவை பாத்தப்ப செண்பகத்துக்குக் கும்பிடணும் போல இருந்துச்சு. யாரைன்னு தெரியலை. அதனால கையுறைக்குள்ளயே ரெண்டு கையையும் சேத்து வச்சுக்கிட்டா. இப்பவும் அதே வெளிச்சந்தான். ஆறு வண்டியும் நீலமா நிக்குது. ஒரு சத்தமில்லை. இவ்வளவு பெரிய அமைதியை எங்க வச்சிருந்தாக இத்தனை நாளா?

மடியில சின்ன ரேடியோ ஒண்ணு இருக்கு. வெளிய எந்தப் பிள்ளை சிணுங்குனாலும் இதுல கேக்கும். ஆனா அதை மட்டும் நம்பக்கூடாது, பத்து நிமிஷத்துக்கு ஒருக்க எந்திரிச்சுப் போய் ஒவ்வொரு வண்டியாத் தொட்டுப் பாக்கணும். சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கு, பாத்த நேரத்தை அதுல எழுதணும். பன்னிரண்டுன்னு எழுதிட்டு வந்து இப்பத்தான் உக்காந்தா. "இன்னைக்கு நீயே பாத்துக்கோ சென்பா"ன்னு சொல்லிட்டு ரெய்டுன் உள்ள போயிட்டாக. ரெய்டுன் இந்தப் பிரிவுக்குத் தலைவி. கூட வேலை பாக்குற இன்னொருத்திக்குக் காய்ச்சல், வரலை. பெரிய பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுக்க ரெய்டுன் உள்ள இருந்தாகணும், வேற ஆளில்லை, அதனாலதான் சொன்னாகளா, இல்லை நம்பித்தான் சொன்னாகளா? சொல்லும்போது முகத்துல ஒண்ணும் தெரியலை. இந்த ஊருக்காரக முகத்துல ஒண்ணுமே தெரியாது, சவம், திட்டுறாகளா பாராட்டுறாகளான்னு வீட்டுக்குப் போய் யோசிச்சாத்தான் வெளங்கும். அந்த மூணு வாரத்துக்கு முந்தின விஷயத்துக்குப் பெறகு இன்னைக்குத்தான் தனியா. செண்பகம் மேல்சட்டைப் பையைத் தொட்டுப் பாத்தா. தாள் இருக்கு. மூணு மணிக்குள்ள கொடுக்கணும்.

தாள் இவ மக கோதைக்கு உள்ளது. கோதைக்கு ஒரு வயசு ஏழு மாசம். செண்பகத்தோட வீட்டுக்காரர் பேச்சிமுத்துக்குக் கப்பல் எஞ்சின் கம்பெனியில வேலை. பிள்ளையைப் பாத்துக்கன்னு கம்பெனியில கொடுத்த லீவு இந்த மாசத்தோட முடியுது. ஆம்பளைக்குப் பிள்ளை பாக்க லீவு கொடுக்கிற ஊரு! அதுவும் ஒரு அதிசயந்தான். அடுத்த திங்கக்கிழமையில இருந்து கோதையும் பார்னஹாகெக்குப் போகணும். இங்க இல்லை, தாய் வேலை பாக்குற எடத்துல மகளைச் சேக்கமாட்டாக, மலைக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணு இருக்கு, அங்க. தாள்ல எல்லாம் எழுதியாச்சு. பேரு, பெறந்த தேதி, என்ன சாப்பிடும், என்ன சாப்பிடாது. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. உங்கள் குழந்தை எங்கே தூங்க வேண்டும்? ரெண்டு கட்டம். உள்ளே, வெளியே. ஒரு கோடு போட்டா முடிஞ்சுது. பன்னிரண்டு நாளா அந்தக் கோடு வரமாட்டேங்குது. "உள்ளன்னே போட்ருட்டி, யாரு கேக்கப்போறா"ங்காரு பேச்சிமுத்து. அவருக்கென்ன. ஆனா எல்லாப் பிள்ளையும் வெளிய நிம்மதியாத் தூங்க, கோதை மட்டும் உள்ள, பெரிய பிள்ளைக கத்துற கத்தல்ல முழிச்சு முழிச்சு அழுதுக்கிட்டு, தனியா, ஏங்கிப் போயி. அதுவும் பாவமில்லையா? வெளியன்னு போட்டா? ஊர்ல இருந்து போனுல சொர்ணம் அக்கா சொன்னா, "ஏட்டி, கோழிக்குஞ்சையே கூடையப் போட்டு மூடுறோம். நீ பெத்த பிள்ளையைப் பனியில போடுவியா? அந்தப் பிள்ளையை நாம என்ன பாடு பட்டு மீட்டோம்னு மறந்து போச்சா?"

மறக்குமா? குறிச்ச நாளுக்கு ரெண்டு மாசம் முந்திப் பெறந்த பிள்ளை. ஒரு கிலோ நானூறு. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டி. இருபத்தாறு நாள். பெட்டிக்குள்ள மஞ்சளா ஒரு விளக்கு எரியும், வெளிய பிள்ளை உடம்புச் சூட்டைக் காட்டுற ஒரு சின்ன எண்ணு மாறிக்கிட்டே இருக்கும், முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சரை, அந்த எண்ணைப் பாத்துக்கிட்டேதான் செண்பகம் சோறு தின்னா, அந்த எண்ணை இவ பாத்துக்கிட்டு இருக்கையிலதான் வயித்துத் தையலைப் பிரிச்சாக. கண்ணாடியில ஒரு ஓட்டை இருக்கும், கையைக் கழுவிட்டு வந்து ஒரு விரலை நீட்டலாம். மூணாவது நாள் நீட்டுனப்ப கோதை அந்த விரலைப் பிடிச்சுது. அவளோட மொத்தக் கையும் இவ நகத்தளவுதான் இருந்துச்சு. டாக்டரம்மா சொன்னாக, "சூடுதாம்மா இதுக்கு மருந்து, பாலு கூட அப்புறந்தான்." சூடுதான் மருந்து. அந்த வார்த்தை அப்படியே நெஞ்சுல ஆணி அடிச்ச மாதிரி எறங்கிருச்சு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் கோதை மேல ஒரு காத்துப் பட விட்டதில்லை. விமானத்துல ரெண்டு கம்பளி. வீட்டுல ஹீட்டர் ராப்பகலா. பேச்சிமுத்து சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு பனியனோட திரிவாரு, "கோவில்பட்டியையே இங்க கொண்டாந்துட்டியே"ம்பாரு. சிரிப்பாத்தான் சொல்லுவாரு. இவளுக்குச் சிரிப்பு வராது. சூட்டைக் கொடுத்துக்கிட்டே இருக்கணும், நிறுத்துனா பிள்ளை அணைஞ்சு போயிரும். வேற மாதிரி இவளுக்கு நெனைக்கவே வராது.

அந்த நெனப்புதான் மூணு வாரத்துக்கு முந்தி சோலியை முடிக்கப் பாத்துச்சு. டூவான்னு ஒரு பிள்ளை, பதினஞ்சு மாசம், இப்பவும் பிர்ச் மரத்தடியில கடைசி வண்டி அதுதான். அன்னைக்குக் காத்து. மூக்கு நுனி செவந்து கெடந்துச்சு. பாத்துக்கிட்டே நின்ன செண்பகத்துக்குத் தாங்கலை. தன் கழுத்துல கெடந்த துப்பட்டாவை உருவி, நாலா மடிச்சு, பிள்ளை முகத்தை நல்லா மூடி, ஓரத்தையெல்லாம் சொருகிவிட்டா. ஊர்ல பஸ்ஸுல, பைக்குல, வாடைக்காத்துல எல்லாப் பிள்ளைக்கும் செய்யுறதுதானே, கோதைக்கு நூறு தடவை செஞ்சதுதானே. கை தானாச் செஞ்சுச்சு. ரெய்டுன் பாத்ததும் ஓடி வந்து துணியை எடுத்தாக, பிள்ளை மூச்சைப் பாத்தாக, பெறகுதான் இவளைப் பாத்தாக. முகத்தை மூடுனா மூச்சு முட்டும் சென்பா, இங்க குளிர் ஆளைக் கொல்லாது, துணிதான் கொல்லும்னாக. கத்தலை. கத்தியிருந்தாத் தேவலை. நடந்ததைத் தாய்கிட்ட இன்னைக்கே சொல்லணும், அது இங்க வழக்கம்னாக. நானே சொல்லுறேன்னா செண்பகம். மூணரைக்கு டூவாவோட அம்மா ஹில்டெ வந்தப்ப, தெரிஞ்ச அரைகுறை பாஷையில, நான் உன் பிள்ளை முகத்தை மூடிட்டேன், தப்பு, என் தப்புன்னு சொல்லி முடிச்சா. ஹில்டெ முகம் வெளுத்துப் போச்சு. "சொன்னதுக்கு நன்றி"ன்னா. அவ்வளவுதான். மறுநாள் காலையில வந்து, ரெய்டுன் பக்கத்துலயே நிக்க, பிள்ளையை இவ கையில கொடுத்துட்டுப் போனா. இவ கையில! இன்னைக்கு வரைக்கும் அது செரிக்கலை செண்பகத்துக்கு. நானா இருந்தா கொடுத்திருப்பேனா? கோதை முகத்தை ஒருத்தி மூடிட்டேன்னு வந்து நின்னா, கொப்புரான, முடியைப் பிடிச்சு ஆஞ்சிருக்க மாட்டேனா? இதுக்குப் பேரு நம்பிக்கையா, இல்லை பிள்ளை மேல பாசமே இல்லாத சாதியா இது? பயமே கிடையாதா இவுகளுக்கு? பயம்னா என்னன்னே தெரியாமயா பெத்தாக, வளத்தாக, பனியில போட்டாக?

பனி பெய்யுது. எப்ப ஆரம்பிச்சுச்சு? இலவம்பஞ்சு கணக்கா, அவசரமே இல்லாம, நீல வெளிச்சத்துக்குள்ள எறங்கிக்கிட்டே இருக்கு. செண்பகம் பாத்துக்கிட்டே இருந்தா. எத்தனை தடவை பாத்தாலும் வாயைத் திறந்துக்கிட்டுத்தான் பாக்க வேண்டியிருக்கு, இவ்வளவு எறங்குது, ஒரு பொட்டுச் சத்தம் இல்லையே. மழைன்னா தகரத்துல அடிச்சு வந்துட்டேன்னு சொல்லும், இது சொல்லாம வந்து எல்லாத்தையும் மூடுது. மூடுது. மூடுதா? கடிகாரத்தைப் பாத்தா. பன்னிரண்டு பதினேழு. ஏ யாத்தே! பத்துல போயிருக்கணும். ஏழு நிமிஷம். ரேடியோ மடியில கெடக்கு, ஒரு சத்தமில்லை, சத்தமில்லைன்னா தூங்குதுகன்னு அர்த்தமா, இல்லைன்னா? காபிக் கோப்பை உருண்டு போச்சு. கதவைத் திறந்தா, குளிர் மூஞ்சியில அறைஞ்சுது. முதல் வண்டி, கையுறையை உருவிட்டுக் கழுத்துக்குப் பின்னால ரெண்டு விரல், சரி. ரெண்டாவது சரி. மூணாவது உதட்டைச் சப்பிக்கிட்டுத் தூங்குது. நாலு. பிர்ச் மரத்தடியில அஞ்சு, மூச்சு ஆவியாப் போறது தெரியுது. ஆறாவது டூவா. வண்டி மூடி மேல ஒரு விரல்கடைப் பனி. கம்பளி ஓரத்துலயும் பனி. குனிஞ்சு பாத்தா. ஆவி இல்லை. முகம் மெழுகு மாதிரி. புருவ ரோமத்துல ஒரு பனித் துகள், உருகாம, அப்படியே உக்காந்திருக்கு. மூக்கைத் தொட்டா ஐஸ். கன்னம் ஐஸ். தூக்கு, தூக்குட்டி, தூக்கிட்டு உள்ள ஓடுன்னு உடம்பு பூராவும் கத்துது. அவ கண்ணுக்கு முன்னால கண்ணாடிப் பெட்டி நிக்குது, அந்த எண்ணு எறங்குது, முப்பத்தஞ்சு, முப்பத்தி நாலு. "மூக்கு சில்லுன்னுதான் இருக்கும், அதை நம்பாதே, கழுத்துக்குப் பின்னால தொடு." முதல் நாள் ரெய்டுன் சொன்னது. நம்பாதேன்னா எதை நம்ப? ஆட்டுத்தோல் பை, அதுக்குள்ள கம்பளிக் கழுத்துப்பட்டை, அதுக்குள்ள விரலை நுழைச்சா. இன்னும் உள்ள.

சுட்டுச்சு. சும்மா சொல்லலை, சுட்டுச்சு. வெறும் கையில குளிர்ல நின்னவளுக்கு, அப்பத்தான் எறக்கி வச்ச இட்லியைத் தொட்ட மாதிரி இருந்துச்சு. ஈரமில்லாத, மெத்துன்னு, கொதிக்கிற ஒரு சூடு. அதுக்கு அடியில நாடி டொக்கு டொக்குன்னு ஓடுது. செண்பகம் அப்படியே நின்னா. டூவா தூக்கத்துலயே ஒரு பெருமூச்சு விட்டு, முகத்தைத் திருப்பி, தாடையைத் தாழ்த்தி அந்த ரெண்டு விரலையும் அமுக்கிக்கிட்டா. எடுத்தா முழிச்சிரும். எடுக்க மனசும் வரலை. யாரு கொடுத்த சூடு இது? விளக்கு இல்லை, ஹீட்டர் இல்லை, இவ கொடுக்கலை, பெத்தவ கொடுக்கலை. ஊரே உறைஞ்சு கெடக்கு, கடலோரம் உறைஞ்சு கெடக்கு, நடுவுல பதினஞ்சு மாசத்துப் பிள்ளை ஒண்ணு தன்னோட சூட்டைத் தானே உண்டாக்கிக்கிட்டு, யாரையும் கேக்காம, நிம்மதியாத் தூங்குது. நீறு பூத்த நெருப்புன்னு சொல்லுவாக, சொல்லிச் சொல்லித் தேஞ்சு போன வார்த்தை, அதைக் கையால தொட்டவ எத்தனை பேரு? அப்ப கோதை? இருபத்தாறு நாள் பெட்டியில கெடந்தவ, இருபத்தேழாவது நாள் இவ நெஞ்சு மேல போட்டப்ப வெதுவெதுன்னு இருந்தாளே. அந்தச் சூடு பெட்டியோடதுன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தா. ஒண்ணரை வருஷமா, தானே கொடுக்குறதா நெனச்சுக்கிட்டு, எரியுற அடுப்பைப் போர்வையைப் போட்டு மூடிக்கிட்டு இருந்திருக்கா. கண்ணுல தண்ணி வந்துச்சு. இமையில வந்ததும் சில்லுன்னு ஆயிருச்சு. முதுகு மேல பனி விழுந்துக்கிட்டே இருக்கு, விரலை உருவாமலே நின்னா.

நிமிந்தப்பத்தான் பாத்தா. வேலிக்கு வெளிய ஒரு ஆளு. ஊசியிலை மரத்துக்குப் பின்னால பாதி மறைஞ்சு, தோள் மேலயும் தொப்பி மேலயும் பனி ஏறிப் போய், ரொம்ப நேரமா நிக்குற ஆளு. ஹில்டெ. வேவு பாக்க வந்திருக்கா. நம்பிக் கொடுத்தாள்னு நெனச்சோமே, தெனமும் வந்து பாக்குறாளா, ஏழு நிமிஷம் நான் வராததையும் பாத்திருப்பா, போச்சு, எல்லாம் போச்சு. மாட்டிக்கிட்டது தெரிஞ்சு ஹில்டெ ரெண்டு எட்டு வச்சு வேலிக்குப் பக்கத்துல வந்தா.

"தூங்குறாளா?"ன்னு கிசுகிசுன்னு கேட்டா.

"தூங்குறா. நான் முகத்தை மூடலை"ன்னு செண்பகம் உளறிட்டா. "ஆனா வர நேரமாயிருச்சு. ஏழு நிமிஷம். தப்புதான்."

"பாத்தேன்." ஹில்டெ கண்ணு பிள்ளை மேலயே இருக்கு. "சூடு இருக்கா?"

"இருக்கு. சுடுது."

அதைக் கேட்டதும் ஹில்டெ விட்ட மூச்சு ஆவியா வந்து வேலிக் கம்பியில பட்டுச்சு. எவ்வளவு நேரமா அடக்கி வச்சிருந்தாளோ. "நான் உனக்காக வரலை சென்பா. ஆகஸ்ட்ல இவளைச் சேத்த நாள்ல இருந்து வர்றேன். மருந்துக்கடையில எனக்கு அரைமணி நேரம் சாப்பாட்டு வேளை. இந்த மரத்துக்குப் பின்னால நின்னுட்டுப் போயிருவேன். யாருக்கும் தெரியாது."

"உள்ள வந்து பாக்க வேண்டியதுதானே?"

"வந்தா தூக்கிருவேன்"னா ஹில்டெ. மூக்கைத் துடைச்சா. "தூக்குனா அவ தூக்கம் போயிரும். எனக்குத்தான் பயம். அவளுக்கு இல்லையே." கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. "ரெய்டுன்கிட்ட சொல்லிராதே."

சொல்லமாட்டேன்னு செண்பகம் தலையை ஆட்டுனா. ஹில்டெ வந்த தடத்துலயே திரும்பிப் போனா, தோள்ல இருந்த பனியைத் தட்டக்கூட இல்லை. போறவளைப் பாத்துக்கிட்டே நின்னவளுக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓடுது. அஞ்சு மாசமா. மதியச் சாப்பாட்டை விட்டுட்டு. பயமில்லாத சாதின்னு நெனச்சேனே, என் வாயில மண்ணு விழ. என் அளவுக்குப் பயம், ஒரு குந்துமணி குறையாத பயம், அதை வச்சுக்கிட்டே பிள்ளையை வெளிய விட்டுட்டு, தான் மரத்துக்குப் பின்னால நிக்குறா. இந்த ஊருல இன்னும் எத்தனை மரத்துக்குப் பின்னால எத்தனை பேரு நிக்குறாகளோ! மலையை விட, இந்த நீல வெளிச்சத்தை விட, அதுதான் பெரிசாத் தெரிஞ்சுது செண்பகத்துக்கு. டூவா தாடையைத் தூக்குனா. விரல் ரெண்டும் வெளிய வந்துச்சு, வெதுவெதுன்னு.

வண்டி மேல இருந்த பனியைக் கையால தள்ளிவிட்டா. பைக்குள்ள இருந்து தாளை எடுத்து வண்டியோட கைப்பிடியில வச்சு விரிச்சா. உள்ள போய் எழுதலாம்தான், ஆனா உள்ள போனா யோசனை வந்துரும். பேனா எழுதலை. குளிர்ல மை கட்டிப் போச்சு. கட்டத்துக்குள்ள தடம் மட்டும் விழுது, நிறம் வரலை. இன்னொருத்தியா இருந்தா இதைச் சகுனம்னு வச்சுக்கிட்டு மடிச்சு வச்சிருப்பா, நேத்து வரைக்கும் இவளே வச்சிருப்பா. செண்பகம் பேனா முனையை வாய்க்குப் பக்கத்துல கொண்டு போய் ஹாஹான்னு ஊதுனா, உள்ளங்கையில வச்சு மத்து கடையுற மாதிரி உருட்டுனா, திரும்ப ஊதுனா. நீலமா ஒரு கோடு வந்துச்சு. வெளியே.

அதுக்குக் கீழ, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமான்னு கேட்டு மூணு வரி எடம் விட்டிருந்தாக. பன்னிரண்டு நாளா காலியாக் கெடந்த எடம். பனித்துளி விழுந்து தாள் நனையுது, அந்த ஊரு எழுத்து இவளுக்குக் கோணல்மாணலாத்தான் வரும். எழுத்தைக் கூட்டிக் கூட்டி எழுதுனா: மத்தியானம் வேலிக்கு வெளிய ஒரு பொம்பளை நின்னா பயப்படாதீங்க, உள்ள கூப்பிடவும் வேண்டாம். அது நாந்தான்.